கரித்தூசிக்கு வெல்லம்

முதலில் எனக்கு டி.பி. என்றுதான் சொன்னார்கள். இருமல் நிற்கவில்லை. இளைத்துக்கொண்டே போனேன். எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது. அப்படி இருந்தால் டி.பி. மாத்திரை கொடுப்பார்கள். நானும் மாதக்கணக்கில் விழுங்கினேன். சிறுநீர் சிவப்பாகப் போனது. சோறு பிடிக்கவில்லை. இருமல் மட்டும் அப்படியே இருந்தது. சளியை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை என்றே வந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு பழைய பவர் ஹவுஸ் இருக்கிறது. நிலக்கரியை எரித்துக் கரண்டு எடுக்கும் இடம். எனக்கு அங்கேதான் கான்ட்ராக்ட் வேலை. கரி, பெல்ட்டில் போகும். போகும்போது கீழே சிந்தும். சிந்தியதைக் கூட்டி, கூடையில் அள்ளி, மறுபடியும் பெல்ட்டில் கொட்ட வேண்டும். சில நாள் சாம்பல் பக்கம் அனுப்புவார்கள். அது கரியை விட மோசம். மாவு மாதிரி பறக்கும்.

மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வோம். மாஸ்க் கேட்டோம். வெல்லம் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு கட்டி. நெஞ்சில் படிந்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய் வயிற்றில் தள்ளிவிடும், காலையில் வெளியே போய்விடும். தூசி வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் இருந்தேன். வெல்லம் தின்றால் தொண்டை இதமாக இருக்கும். இருமினால் கறுப்பாகச் சளி வரும். வேலை செய்கிறது என்று நினைத்தோம்.

பிறகு என் மகன் டில்லிக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. பாய்லரை நிறுத்தும்போது உள்ளே இறங்கிச் சாம்பல் சுரண்டுகிற வேலை. அவனுடைய கான்ட்ராக்டர் வேறு ஆள். அங்கே வெல்லம் கிடையாது. அதனால் என் கட்டியில் பாதியை உடைத்து முந்தானையில் முடிந்து கொண்டுவருவேன். அவன் வேண்டாம் என்பான். தின்னும் வரை எதிரிலேயே நிற்பேன்.

ஒரு காலை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். வலது நெஞ்சில் கத்தி இறங்கிய மாதிரி இருந்தது. குடம் விழுந்தது. மூச்சு பாதியில் நின்றது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி எடுக்கப் போனவர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னா தேசம்மா, மூஞ்சி நீலமா பூடுச்சி?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பொன்னேரிக்குப் போனார். அங்கே பார்த்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நுரையீரலில் ஓட்டை விழுந்திருந்தது. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, கையால் காட்டிச் சொன்னாள். "பலூன்ல ஓட்டை விழுந்தா காத்து வெளிய வரும்ல? அந்தக் காத்து உங்க நெஞ்சுக்குள்ள போய் நிக்குது. அது நுரையீரல அமுக்குது. ஒரு குழாய் போட்டு அந்தக் காத்தை வெளிய எடுக்கணும்மா."

விலாவில் மரப்பு ஊசி போட்டுக் குழாயைச் செருகினார்கள். வலித்தது. கத்தவில்லை. கத்துவதற்கும் காற்று வேண்டும்.

குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இருந்தது. மூச்சு விட்டால் அதில் குமிழி வரும். இருமினால் நிறைய வரும். குமிழி வரும் வரை ஓட்டை மூடவில்லை என்று அர்த்தம். நின்றால் மூடியது. எனக்கு அதைப் பார்ப்பதுதான் வேலை. ஏழுமலைக்கும் அதுதான் வேலை. பெண்கள் வார்டில் ஆண்களை ரொம்ப நேரம் விடமாட்டார்கள். துரத்தினால் போய் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் எட்டிப் பார்த்துக் கையாலேயே கேட்பார். குமிழி வருதா? வருது என்று தலையாட்டுவேன். போய்விடுவார்.

குழாய் இருந்ததால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அவர்தான் எனக்குத் தலை வாரினார். கல்யாணம் ஆன நாளில் இருந்து செய்யாத வேலை. நடு வகிடு காதுக்குப் பக்கத்தில் வந்தது. பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆட்டோ ஓட்டுறவருதானே? நேரா எங்க போவாரு?" நானும் சிரித்தேன். பாட்டிலில் குமிழி வந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

டாக்டரம்மா முதல் நாளே கேட்டிருந்தாள். வீட்டில் விறகு அடுப்பா? கேஸ் என்றேன். பீடி, சிகரெட்? ஏழுமலை குறுக்கே சொன்னார். "இஸ்குறது நானு மேடம். நோவு வந்தது இவளுக்கு." அன்று முதல் அவர் பீடி பிடிக்கவில்லை. எனக்கு என்ன வேலை என்று டாக்டரம்மா கேட்டதற்கும் அவரே ஹவுஸ்கீப்பிங் என்றார். எங்கள் கேட் பாஸில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆபீஸ் கூட்டித் துடைக்கிறவள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டாள்.

ஊசி போட நரம்பு தேடும்போது என் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னம்மா, பச்சை குத்துனதா?"

"இல்லமா. தகரம் கீசினது. உள்ள கரி பூந்துக்கிச்சி. ஆறினப்புறமும் நீலமாவே நின்னுடுச்சி."

"கரியா? எங்க?"

சொன்னேன். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக, எந்தப் பக்கம், முகத்துக்கு என்ன கட்டுவீர்கள் என்று எல்லாம் கேட்டாள். மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் என்றால், ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுப்பது. கத்தி கிடையாது. ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து அனுப்புவார்கள். மூச்சைப் பிடி என்று ஒரு குரல் சொல்லும். எனக்குப் பிடிக்க முடியவில்லை. மறுபடி மறுபடி எடுத்தார்கள். யாரும் திட்டவில்லை.

டி.பி. இல்லை என்றார்கள். நோயின் பெயர் நீளமாக இருந்தது. என் வாயில் வரவில்லை. டாக்டரம்மாவே சுருக்கிச் சொன்னாள். "தூசி படிஞ்ச நுரையீரல்னு வச்சுக்கோங்கம்மா. கரியும் சாம்பலும் உள்ள போய்த் தங்கிடுச்சு. தங்கின இடமெல்லாம் தழும்பாயிடுச்சு. தழும்பு ஏறின இடம் விரியாது."

"தழும்பு போவுமா?"

"போகாதும்மா. மேல மோசமாகாம பாத்துக்கலாம். இனிமே தூசி பக்கம் போகவே கூடாது."

எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. கேட்டுவிட்டேன். "நாங்க வெல்லம் தின்னுக்கினுதாம்மா இருந்தோம்."

அவள் சிரிக்கவில்லை. தன் தொண்டையில் விரலை வைத்துக் காட்டினாள். "வெல்லம் போற வழி வேற, மூச்சு போற வழி வேற. ரெண்டும் இங்கயே பிரிஞ்சிடுது. வெல்லம் நுரையீரல் பக்கமே போகாதும்மா."

அவ்வளவுதான். இரண்டு வழி. எத்தனை வருஷம் தின்றோம். ஒரு நாளும் யாரும் இதைச் சொல்லவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

அன்று மாலை டில்லி வந்தான். எனக்கு மூச்சுப் பயிற்சிக்கு என்று ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருந்தார்கள். மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து ஏறும். ஒன்று ஏறினால் கொஞ்சம் காற்று. மூன்றும் ஏறினால் நல்ல காற்று. எனக்கு முதல் பந்து பாதிக்கு மேல் போகவில்லை.

"இது இன்னாமா, பொம்மையா?" என்று எடுத்தான். குழாயைத் துடைத்துவிட்டு இழுத்தான். முதல் பந்து ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது அடியிலேயே ஆடியது. மறுபடி இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது பந்து ஆடிவிட்டு உட்கார்ந்துகொண்டது. எருமை மாதிரி வளர்ந்த பையன்.

அதற்குள் நர்ஸ் பார்த்துவிட்டாள். "ஏம்பா, பேஷண்டு வாயில வைக்கிறத நீ வைக்கிறியே, அறிவு கீதா?"

"சாரி சிஸ்டர். நீங்க குடுத்தது சரியில்ல போல. மூணாவது ஒட்டிக்கினு கீது."

நர்ஸ் சாமானை வாங்கிக் கவிழ்த்துக் குலுக்கினாள். மூன்று பந்தும் தாராளமாக விழுந்தன. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் லூர்து வந்தாள். லூர்துமேரி என் கூட பெல்ட்டுக்கு அடியில் கூட்டியவள். மாஸ்க் கேட்டதற்காக முதலில் வெளியே போனதும் அவள்தான். இப்போது அந்தப் பழைய பவர் ஹவுஸை மூடச் சொல்லி ஊர் ஊராகப் பேசுகிறவர்களோடு இருக்கிறாள். வந்ததும் வராததுமாகத் தூக்குச் சட்டியைத் திறந்தாள்.

"இட்லி கொண்டாந்தேன். ஆஸ்பத்திரி நாஷ்டாவ தின்னா கீற மூச்சும் பூடும். உன் தல இன்னாடி, காக்கா கூடு கட்டி வச்சா மாதிரி?"

"அவரு வாரினாரு."

"கர்த்தரே." சீப்பை எடுத்து முதலில் வகிட்டைச் சரி செய்தாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

பழைய பாய்லர் பக்கத்திலேயே பெரிசாக இன்னொன்று கட்ட கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. அதற்கு முன் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். கலெக்டர் வருவார். புதியதும் வேண்டாம், பழையதையும் நிறுத்துங்கள், சாம்பல் கொட்டிப் பாழான நிலத்திலும் ஷெட்டுக் கூரைகளிலும் சோலார் தகடு போட்டுக் கரண்டு எடுங்கள், எங்கள் ஆட்களுக்கே அதில் வேலை கொடுங்கள். இதுதான் இவர்கள் கேட்பது.

"நீ வந்து பேசணும் தேசம்மா."

"நீதான் நல்லா பேசுவியே."

"நான் பேசுனா, வேலைய வுட்டுத் துரத்துனாங்க, அதான் கத்துறான்னுவானுங்க. நீ இன்னும் பாஸ் வச்சிக்கினு கீறவ. நீ சும்மா வந்து நின்னாலே போதும்."

"டில்லி உள்ள கீறானே."

லூர்து என் தலையைப் பின்னி முடித்தாள். போகும்போது, "சோலார் தகட்டையும் துடைக்க ஆள் வேணும்டி. தூசி துடைக்கறதுல நம்மள வுட்டா யாரு?" என்றாள்.

எங்கள் சூப்பர்வைசரும் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். கூடவே ஒரு பொட்டலம் வெல்லம். மரியாதையாகத்தான் பேசினார். "உடம்பப் பாத்துக்கங்கம்மா. ஊட்டு அடுப்புப் புகைதான் காரணமுன்னு நீங்களே சொன்னா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. டில்லி நல்ல பையன். பர்மனெண்டுக்கு அவன் பேரச் சொல்லலாம்னு கீறோம்."

நான் தலையை ஆட்டவில்லை. ஏழுமலை ஆட்டினார். சூப்பர்வைசர் போன பிறகு ஏழுமலை சொன்னார். "யாரு மேலயும் பழி போட வாணாம் தேசம்மா. நீ பொழச்சி வந்தா போதும். பையன் பொழப்பு கெடக் கூடாது."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் வெல்லப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் குமிழி நின்றது. முதலில் நம்பவில்லை. இருமிப் பார்த்தேன். வரவில்லை. வராந்தாவில் இருந்து ஏழுமலை எட்டிப் பார்த்தார். இல்லை என்று கையை ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?" வார்டே சிரித்தது. குழாயை மூடி வைத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு உருவினார்கள். காப்பீட்டு கார்டு இருந்ததால் ஆஸ்பத்திரிச் செலவு தப்பித்தது. அவர் ஆட்டோ ஓடாததுதான் வீட்டில் இடித்தது.

வீட்டுக்கு ஒரு மிஷின் கொடுத்து அனுப்பினார்கள். காற்றில் இருக்கும் ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்கு அனுப்பும். கரண்டில் ஓடும். கரண்டு போனால் இருக்கட்டும் என்று ஒரு சின்ன சிலிண்டரும் கொடுத்தார்கள். பவர் ஹவுஸ் புகைபோக்கி எங்கள் தெருவிலிருந்து தெரியும். ஆனாலும் மத்தியானத்தில் கரண்டு போகும். மிஷின் ஒரு முறை கத்திவிட்டு நிற்கும். ஏழுமலை சிலிண்டரைத் திறப்பார். அவர் இல்லாத நேரம் கரண்டு போனால் என்ன செய்வது என்று டில்லி எனக்குத் திறக்கச் சொல்லிக்கொடுத்தான்.

சொல்லிக்கொடுத்துக்கொண்டே கேட்டான். "லூர்து அத்த கூட கூட்டத்துக்குப் போறியாமே?"

"யாரு சொன்னா?"

"சூப்பர்வைசரு. நீ வாயத் தொறந்தா எனக்குப் பாஸ் கெடையாதுன்ட்டாரு. இன்னாமா பேஜாரா போச்சி உன்னோட. கரண்டு இல்லனா உனக்கு மூச்சு இல்ல. நீ போயி பவர் ஹவுஸ மூடுன்னு கத்தப் போறியா?"

"மூணாவது பந்து ஏன் ஏறல உனக்கு?"

"அது பழக்கமில்லமா."

"படம் எடுக்கலாம் வா."

"லீவு குடுக்க மாட்டான்."

"காலைல சளி துப்புறியே, இன்னா கலரு?"

அவன் சிலிண்டரைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"நான் குடுத்த வெல்லம் உன் நெஞ்சுக்குப் போவல டில்லி. வயித்துக்குத்தான் போச்சி. அத நம்பி உன்ன உள்ள அனுப்புனேன். இன்னொரு பாய்லர் கட்னா அதுலயும் ஆளு எறங்கித்தான் சொரண்டணும். அவங்கம்மாவும் வெல்லம் குடுப்பா."

எழுந்து போய்விட்டான். அவன் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. ஏழுமலை மட்டும் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வண்டில போலாம். பஸ்ல சிலிண்டரு ஏத்த முடியாது," என்றார். கூட்டத்துக்குத்தான் சொல்கிறார் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் கலெக்டரும் ஆபீசர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையெல்லாம் கம்பெனி ஆட்கள். ஒரே மாதிரி தொப்பி. அவர்களுக்கு நடுவில் டில்லி. வேலை வேண்டும் என்று அட்டை பிடித்திருந்தான். அதுவும் பொய் இல்லை. வேலை வேண்டும்தான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏழுமலை சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். மூக்குக் குழாய் இழுபடாமல் நடக்க வேண்டும். அதனால் கல்யாணப் பெண் மாதிரி நடந்தேன். மைக் முன்னால் நின்றதும் நினைத்து வைத்ததெல்லாம் போய்விட்டது. இருந்ததைச் சொன்னேன்.

"நான் பெல்ட்டுக்குக் கீழ கரி கூட்டுறவ. மாஸ்க் கேட்டோம், வெல்லம் குடுத்தாங்க. தின்னேன். எம் புள்ளைக்கும் பாதி குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சித்தான் குடுத்தேன். வெல்லம் அங்க போவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. என் நுரையீரலு இனிமே விரியாது. எம் புள்ள நுரையீரலு..."

மூச்சு முடிந்துவிட்டது. நிற்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் தொப்பிக்காரர்களில் ஒருத்தன் கத்தினான். "ஏம்மா, உன் மூச்சு மிஷினு இன்னாத்துல ஓடுது? கரண்டுலதானே?"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. "பேச வுடுடா. அது எங்கம்மா."

டில்லி எழுந்து நிற்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. அட்டை மட்டும் மடியில் கிடந்தது.

எனக்கு மூச்சு வந்தது. "ஆமாய்யா, கரண்டுலதான் ஓடுது. கரண்டு வாணாம்னு நான் சொல்லல. கரில எடுக்காதீங்கன்றேன். நம்மூர்ல வெயிலுக்கு இன்னா பஞ்சம்? அதுல எடுங்க. இந்தப் புள்ளைங்களுக்கே அதுல வேலை குடுங்க. அட்டைல அதத்தான் எழுதிக்கினு கீறாங்க." அதற்கு மேல் முடியவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

அந்த வாரமே டில்லியின் பாஸுக்குக் கேட் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "லீவு குடுத்துட்டான்மா. வா, படம் எடுக்கலாம்," என்றான்.

முதல் ரயிலில் மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவனை ஒரு மிஷினில் ஊதச் சொன்னார்கள். நுரையீரலில் எவ்வளவு காற்று, எவ்வளவு வேகமாக வருகிறது என்று அது சொல்லும். ஊதச் சொல்கிறவர் பக்கத்தில் நின்று கத்துவார். "ஊது ஊது ஊது, வுடாத, இன்னும், இன்னும்." அவன் முகம் சிவந்தது. நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "படத்துல ஒண்ணும் பெருசா இல்லம்மா. ஊதுறதுல குறை இருக்கு. நல்ல நேரத்துல வெளிய வந்துட்டான். வருஷா வருஷம் வந்து காட்டணும்." ஏழுமலை அவளைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு ஊதச் சொன்னவரையும் கும்பிட்டார், பிறகு அந்த மிஷினையும்.

கலெக்டர் கூட்டத்து முடிவு இன்னும் வரவில்லை. புகைபோக்கியில் புகை வருகிறது. லூர்து வாரம் ஒரு முறை வந்து செய்தி சொல்கிறாள். கூட்டத்துக்குப் பிறகு கேட்டில் மாஸ்க் கொடுக்கிறார்களாம். வெல்லமும் கொடுக்கிறார்களாம். பெண்கள் வெல்லத்தை அங்கேயே தின்றுவிட்டு, புது மாஸ்க்கைப் பிரிக்காமல் முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம், பிள்ளைகளுக்கு. லூர்து தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த ஷிப்ட் முடியும் நேரத்துக்கு என்னையும் கேட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னேன். இரண்டு வழி என்று தொண்டையில் விரல் வைத்துக் காட்ட எனக்கும் தெரியும்.

டில்லி இப்போது ஒரு குடோனில் பெட்டி ஏற்றுகிறான். கூலி முன்னைவிடக் குறைவு. அவனுக்கென்று தனியாக ஒரு மூன்று பந்து சாமான் வாங்கிக்கொண்டான். டி.வி.க்குப் பக்கத்தில் என்னுடையதும் அவனுடையதும் இருக்கின்றன. வேலை விட்டு வந்ததும் கை கால் கழுவிவிட்டு இழுப்பான். மூன்றாவது பந்து ஏறும், உடனே விழும். பல நாள் அப்படித்தான். நேற்று ஏறி நின்றது. கண்ணை உருட்டி என்னைப் பார்த்துக்கொண்டே நிறுத்தினான்.

குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நீயும் இழுமா," என்றான்.

இழுத்தேன். எனக்கு ஒன்று ஏறியது.